குலவைக்கு இடம் விட்ட பல்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது ஆறு, நாத்தனார் மகனையும் சேர்த்து வளர்த்தது ஏழு. கோச்சடையில் எங்கள் தெருவில் முளைப்பாரி தூக்கும்போது முதல் குலவை என்னுடையதுதான். நான் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் தொடர்வார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், சொன்னால் என்ன?

பல்லெல்லாம் போன பிறகும் குலவை போகவில்லை. சோறுதான் இறங்கவில்லை. பிள்ளைகள் பல்செட் கட்டச் சொன்னார்கள். கறி தின்ன எனக்கும் ஆசைதான். ஆனால் வாய்க்குள் வேலி போட்டுவிட்டால் நாக்கு எங்கே புரளும் என்று பயம். முளைப்பாரிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

பயந்துகொண்டேதான் பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்றாம் தடவை போனபோது, டாக்டரம்மா சிவப்பு மெழுகில் பல் அடுக்கி வைத்திருந்ததைக் காட்டினார். இது ஒத்திகைக்குத்தான், சரியாக இருந்தால் பிறகு கெட்டியாகச் செய்வார்களாம். வாயில் வைத்துக் கடிக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், ஒன்று இரண்டு எண்ணச் சொன்னார்.

“பாட்டி, பேச்சு நல்லா வருது. முடிச்சிரலாமா?”

“பொறு தாயி. ஒரு குலவை போட்டுப் பாத்துக்கிறேன்.”

கூட வந்த மருமகள் தலையில் கை வைத்தாள். “அத்தே, இது ஆஸ்பத்திரி!”

நாக்கைச் சுழற்றியதுதான் தாமதம், கீழ்வரிசை கிளம்பி வந்து மேல்வரிசையில் இடித்தது. குலவை வரவில்லை; கூழ் கொதிக்கிற சத்தம்தான் வந்தது.

“அன்னைக்கு மட்டும் கழட்டி வச்சிட்டுப் போடுங்க அத்தே.”

“ஊரே நிக்கயில பல்லக் கழட்டி முந்தானையில முடிஞ்சுக்கிட்டா? அதுக்கு இந்தப் பல்லே வேணாம்டி.”

சத்தம் கேட்டு, பல் அடுக்குகிறவர் உள்ளறையிலிருந்து வந்தார். பரவை ஊர்க்காரர், தலை நரைத்தவர். “ஆத்தா, செட்ட எடுத்துட்டு, வெறும் வாயில சத்தமில்லாம ஒருக்கா போடுங்க” என்று டார்ச் அடித்துப் பார்த்தார்.

“அடேயப்பா, நாக்கு எம்புட்டு அகலத்துக்கு ஓடுது! நான் கடவாப்பல்ல உள்ள தள்ளி நிறுத்திட்டேன் டாக்டர். நாக்கு அதத் தூக்கி எறியுது.”

“கொஞ்சம் வெளிய நகத்துங்கண்ணே. ஈறு மேட்ட விட்டு எறங்கிறக் கூடாது.”

கத்தியைச் சுடரில் காய்ச்சி, மெழுகை இளக்கி, ஒவ்வொரு கடைவாய்ப்பல்லாக நெல்மணி அகலத்துக்கும் குறைவாக வெளியே நகர்த்தினார். கீழே நகர்ந்தால் மேலேயும் நகர வேண்டுமாம். இல்லையென்றால் கடி சேராதாம். மதியமாகிவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

மறுபடி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் குலவை எடுத்தேன். கீழ்ப்பல் அசையவில்லை. குலவை சுவரில் பட்டுத் திரும்பியது. வெளியே காத்திருந்தவர்களில் யாரோ ஒருத்தி, முகம்கூடத் தெரியாது, உடனே பதில் குலவை எடுத்தாள். ஒருத்தி எடுத்ததைத் தனியே விடுவது எங்கள் பக்கத்துப் பெண்களால் ஆகாது. கன்னம் வீங்கிய ஒருவர் கதவைத் திறந்து, “உள்ள யாருக்குக் கல்யாணம்?” என்றார்.

“என் பல்லுக்கு” என்றேன்.

முளைப்பாரிக்கு இரண்டு நாள் முன்பு கெட்டிப் பல் கைக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் முதல் குலவை எடுத்தேன். ஒருவரும் வித்தியாசம் சொல்லவில்லை.

ஏ பேத்தி, இங்க வா. அப்பத்தா எழுத்துக் கூட்டி எழுதுனது இம்புட்டுத்தான். எங்க, சத்தமா வாசி பாப்போம். குலவை வர்ற எடத்துல நிறுத்து, நான் போட்டுக்கிறேன்.