பேச்சுக்காலும் நாக்குக்குக் கீழ் ஒரு குளிசையும்

இதயத்தைப் பற்றி நான் அதுவரை படித்ததெல்லாம் கவிதைகளில்தான். அங்கே அது உருகும், உடையும், களவு போகும். அடைபட்டுப்போனதாக எவரும் எழுதவில்லை. அதனால், என் இரத்தக்குழாயின் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தபோது என்ன உணர வேண்டும் என்று தெரியவில்லை. ஒன்றும் உணரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து மின்விசிறியைப் பார்த்தேன். அது சுற்றியது.

வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பிய அன்றே மனைவி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. பிள்ளையின்ர கலியாணப் பேச்சுக்கால் நடக்குது. தகப்பனுக்கு நெஞ்சு வருத்தம் எண்டா பரம்பரை வருத்தமெண்டு விட்டிட்டுப் போயிடுவினம்."

மாப்பிள்ளை பகுதி இருப்பது பக்கத்துப் பாமன்கடையில். இங்கே இருமினால் அங்கே கேட்கும். ஆகவே, நான் காணி விஷயமாக யாழ்ப்பாணம் போயிருந்ததாக முடிவாயிற்று. யாழ்ப்பாணத்தில் எனக்குக் காணி இல்லை.

டொக்டர் தந்த சின்னக் குப்பி எப்போதும் சட்டைப்பையில் இருந்தது. நெஞ்சு இறுக்கினால் உடனே உட்கார்ந்து, ஒரு குளிசையை நாக்குக்குக் கீழ் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். மனைவி குப்பியின் லேபலைச் சுரண்டி எடுத்துவிட்டாள். கேட்டால் வாய் மணக்கப் போடுவது என்று சொல்ல வேண்டுமாம்.

மாப்பிள்ளை பகுதி பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் வேலை செய்யவில்லை. எங்கள் வீடு ஐந்தாம் மாடி. கீழே வாசலில் நின்று வரவேற்று அழைத்து வர வேண்டியது பெண்ணின் தகப்பன். மாப்பிள்ளையின் தகப்பன் தேங்காய் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டே ஏறினார். மூன்றாம் மாடியில் யாரோ என் நெஞ்சில் அரிசி மூட்டையை இறக்கி வைத்தார்கள். தாடை கனத்தது. பயம்கூட வரவில்லை. இன்னும் இரண்டு மாடி, பிறகு கதிரை, பிறகு தேத்தண்ணி என்று யோசித்தேன். கை சட்டைப்பையைத் தொட்டது, குப்பியை எடுக்கவில்லை.

"என்ன, நிண்டிட்டியள்?" என்றார் அவர்.

"கடலைப் பாக்கிறன்."

எனக்கு முன்னால் சுவர் இருந்தது.

மேலேயிருந்து எட்டிப் பார்த்த மகள், சேலையைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்தாள்.

"அப்பா, இருங்கோ."

"ஒண்டுமில்லைப் பிள்ளை, வாய்வு."

"இருங்கோ எண்டு சொன்னனான். குளிசையை வையுங்கோ." பிறகு வந்தவர்களிடம், "அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம். போன மாசம்தான் ஸ்டென்ட் வைச்சது" என்றாள், விலாசம் சொல்வதுபோல்.

"ஐயோ, ஏனடி இப்ப!" என்று மேலே மனைவியின் குரல் கேட்டது.

படியில் உட்கார்ந்தேன். குளிசை கரைந்தது. மகள் மணிக்கூட்டைப் பார்த்தாள். பட்டுச் சேலைகளும் பலகாரத் தட்டும் என்னைத் தாண்டி ஏறுவதா, இறங்குவதா என்று தெரியாமல் நின்றன.

"அம்புலன்ஸுக்கு அடிக்கட்டா?" என்று மாப்பிள்ளை மகளிடம் கேட்டார்.

"அஞ்சு நிமிசம் பாப்பம்."

அவர்கள் இருவரும் கதைத்தது அவ்வளவுதான். ஐந்து நிமிடம் ஆவதற்குள் மூட்டை இறங்கிவிட்டது.

மறுநாள் டொக்டரிடம் போனோம். இம்முறை காணி விஷயமாக அல்ல. பாமன்கடையிலிருந்து பதில் வரவில்லை. "ஏன் பிள்ளை சொன்னனீ?" என்று மகளிடம் கேட்டேன்.

"உங்களைப் பெட்டியில வைச்சு அஞ்சு மாடி இறக்கிறதைவிட இது லேசு."

இப்போது கட்டடம் முழுவதற்கும் தெரியும். மூன்றாம் மாடிக்காரர் படியோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருக்கிறார். லிஃப்ட் நிற்கும் நாட்களில் அதில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறேன். குப்பியில் மனைவியே புது லேபல் ஒட்டியிருக்கிறாள், பெரிய எழுத்தில்.