வண்டியைத் திருப்பியவள்

மூலக்குளத்தில் பிளம்பிங் சாமான் கடை வைத்திருந்த கணேஷ்குமாருக்குச் சர்க்கரை ஏறி, கண் பார்வை மங்கிப்போனது. இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்போதுதான் அவன் மனைவி கமலவேணி குட்டியானை லோடு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். தண்ணீர் டேங்க்கும் பைப்பும் ஏற்றிக்கொண்டு அவள் ஒதியம்பட்டுக்குள் வந்தால் டீக்கடையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்து சீட்டில் கணேஷ்குமார் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். "எங்க வூட்டு டிரைவர் லீவே கேக்காது" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வான்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, இருவரும் விழுப்புரத்துக்குச் சரக்கு எடுக்கப் புறப்பட்டார்கள். மதகடிப்பட்டு தாண்டியதும் ரோடு காலியாகக் கிடந்தது. எந்த லாரியிலிருந்தோ பிய்ந்து விழுந்த டயர்ப்பட்டை ஒன்று நடுரோட்டில் நீளமாகச் சுருண்டிருந்தது. கமலவேணி ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தாள். வண்டி தடுமாறி இடப்பக்கமாகக் கவிழ்ந்தது. கணேஷ்குமார் உட்கார்ந்திருந்த பக்கம் அது.

அவளுக்குக் கை முறிந்தது. அவன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் நல்ல மாதிரிதான். ஆனாலும் போகும்போது மனசு கேட்காமல் சொன்னார்: "ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சி, லேசா பிரேக் போட்டு நேரா ஏறி எறங்கியிருந்தா, டயர்தாம்மா போயிருக்கும். வேகத்துல திருப்பவே கூடாதும்மா."

அவளுக்குத் தெரியாததா? ஓட்டப் பழகிய நாளிலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் அது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

துக்கத்துக்கு வந்தவர்களும் அதையேதான் பேசினார்கள். கொழுந்தன் இராமச்சந்திரன் சுவரில் சாய்ந்துகொண்டு, "ரப்பர் துண்டு அண்ணி... ஒரு ரப்பர் துண்டுக்குப் போயி..." என்று ஆரம்பித்தான். முடிக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டான்.  காலேஜ் ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போன மகள் தீபிகா, அப்பாவை நினைத்து அழுதாளே தவிர, போனில் ஒரு தடவைகூட அம்மாவுக்கு ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை.

நசுங்கிய வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். கமலவேணி பஸ்ஸில் கடைக்குப் போய் வந்தாள். ஸ்டியரிங்கை அதற்குப் பிறகு அவள் தொடவே இல்லை.

பொங்கல் லீவுக்கு வந்திருந்த தீபிகா, ஒரு மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் கேட்டாள். "ஏம்மா திருப்புன? தெரிஞ்சும் ஏன் திருப்புன?"

கமலவேணி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

"அப்பாதான்டி கத்துனாரு. 'வேணி, ஆளு படுத்திருக்கான்'னு. அவருக்குத்தான் தூரத்துல எதுவும் சரியாத் தெரியாதே. ஆனா அவரு சொன்ன ஒடனே எனக்கும் ஆளாத்தான் தெரிஞ்சிச்சி. கை கால் மடக்கிக்கினு யாரோ படுத்திருக்கிற மாதிரி. ஆளு மேல எப்படிடி ஏத்துவேன்?"

தீபிகா அழுதுகொண்டே அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். முறிந்து சேர்ந்த கை அது. "எல்லாரும் உன்னத் திட்டுறாங்களே. சித்தப்பாகிட்டயாவது சொல்லேம்மா."

"இன்னா சொல்ல? செத்தவரு மேல பழியப் போடச் சொல்றியா? அவரு ஒரு உசுரக் காப்பாத்தத்தான் கத்துனாரு."

வருஷத் திதி வந்தது. பந்தியில் யாரோ பழையபடி அந்தப் பேச்சை எடுத்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த தீபிகாவின் முகம் மாறியதைக் கமலவேணி கவனித்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள். தீபிகா அடக்கிக்கொண்டாள்.

எல்லாரும் எழுந்து போனபின் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தவன் இராமச்சந்திரன். சோற்றைப் பிசைந்தானே தவிர, வாயில் வைக்கவில்லை.

"அண்ணி, கடைசியா அண்ணன் எதுனா சொன்னாரா? ஒரு வார்த்தையாவது?"

தீபிகா ரசக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"இல்லப்பா" என்றாள் கமலவேணி. "அவரு நல்லாத் தூங்கிக்கினு வந்தாரு. அவருக்கு எதுவுமே தெரியாது."

இராமச்சந்திரன் குலுங்கி அழுதான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வரைக்கும் புண்ணியம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான்.