மகத்துக்கு முன்னால் போடாத ஊசி

கமலவேணி அக்காவுக்கு ஊசி என்றால் பயம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அவர் பயந்துகொண்டுதான் வரிசையிலிருந்து விலகினார் என்று தொழிற்சாலையில் இன்றும் சிலர் பேசுகிறார்கள்.

செங் என்ற ஊரின் தொழிற்பேட்டையில் எங்கள் தொழிற்சாலை இருக்கிறது. மின்னணுக் கருவிகளுக்கு உதிரிப்பாகங்கள் செய்கிறோம். அக்கா பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்தவர். இப்போது மூன்றாவது லைனுக்கு லீடர். ஆண்டுக்கு ஒரு முறை கிளினிக்கிலிருந்து டாக்டரும் மிஸியும் நாங்கள் சாப்பிடும் கெந்தினுக்கே வந்து எல்லோருக்கும் ஃப்ளூ ஊசி போடுவார்கள். நர்ஸை இங்கே மிஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு அக்கா சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக உட்காருவார். போட்டு முடிந்ததும் பஞ்சை அழுத்திக்கொண்டே லைன் லைனாகப் போய், கழிப்பறையில் ஒளிந்திருக்கும் பையன்களை இழுத்து வருவார்.

"கையில பெரிய புலி பச்ச குத்திக்கிட்ட, அது மட்டும் வலிக்கலியா? வாடா!"

எனக்கு இந்த நாள் மிகவும் பிடிக்கும். நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக வந்தவர்கள். அயல்நாட்டில் லேசாக உடம்பு சுட்டாலே பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று அலமாரியைத் திறந்து பார்க்கும் ஆள் நான். அக்கா எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரரும்கூட. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். அவர் சமையலறையில் யாரைத் திட்டினாலும் எங்கள் வீட்டில் கேட்கும். பெரும்பாலும் தம்பி காந்தனைத்தான், அதுவும் போனில்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போனபின் காந்தனைப் படிக்க வைத்து, லாரி லைசென்ஸ் எடுக்க வைத்து, சுங்கை ரம்பாயில் பெண் பார்த்து முடித்துவைத்தவர் அவர்தான். நாற்பது வயதுக்குள் காந்தனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. பல வருடம் டயாலிசிஸ். பிறகு அவர் மனைவி ஷாமினியே ஒரு சிறுநீரகம் கொடுத்தார். அந்த அறுவை சிகிச்சை நடந்த நாளில், தம்பி பிழைத்து வந்தால் தொடர்ந்து மூன்று மாசி மகத்துக்குப் பால்குடம் எடுப்பதாக அக்கா சன்னாசிமலை ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டார். மலைக்கோயில் செங்கிலேயே இருக்கிறது. திருவிழா நாளில் உருமி மேளம் எங்கள் தெருவரை கேட்கும்.

முதல் வருடம் எடுத்தார். இரண்டாம் வருடமும் எடுத்தார். இரண்டு முறையும் காந்தன் கூட்டத்தை விட்டுத் தள்ளி, மாஸ்க்கோடு ஒரு மரத்தடியில் நின்று பார்த்தார். மூன்றாவது வருடம் தானும் விரதம் இருந்து அக்காவோடு நடந்து வருவதாகச் சொல்லியிருந்தார். கடைசி வருடம் அல்லவா.

அக்காவின் விரதம் சாதாரண விரதம் இல்லை, முழுதாக ஒரு மண்டலம். கவிச்சி இல்லை, முட்டை இல்லை என்பதோடு நிற்காது. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொடி எழுத்தைப் படிக்க என் கண்ணாடியைக் கடன் கேட்பார். கெந்தின் கரண்டி மீனிலும் பட்டிருக்கும் என்று தேநீர்கூட வீட்டிலிருந்தே வரும். "சாமிகிட்ட ஏமாத்து வேல வச்சிக்கக் கூடாது தங்கச்சி. தம்பி உசுரு நடுவுல இருக்கு" என்பார்.

முந்தைய வருடங்களில் ஊசி நாள் மகம் எல்லாம் முடிந்துதான் வந்தது. இந்த முறை காய்ச்சல் ஊரெல்லாம் பரவுகிறது என்று நிர்வாகம் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டது. அக்கா விரதத்தில் பாதியில் இருந்தார். வழக்கம்போல் முதலில்தான் போய் நின்றார். பின்னால் ஷாந்தினி. இருபது வயதுப் பெண், அக்காவின் லைன்தான், கையில் எப்போதும் போன்.

"அக்கா, இந்த ஊசி முட்டையிலதான் செய்வாங்களாம்லா. இங்க போட்டிருக்கான் பாருங்க. நீங்க முட்ட தொடமாட்டீங்களே?"

கேலிக்குத்தான் சொன்னாள். நாலு பேர் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"மிஸி, இந்தப் புள்ள சொல்றது மெய்யா?"

மிஸி நேர்மையானவர். "முட்டைக்குள்ள வச்சுதான் மருந்த வளக்கறாங்க. அப்புறம் சுத்தம் பண்ணிடுவாங்க. சாப்பிடற மாதிரி இல்லக்கா அது."

"கொஞ்சமாச்சும் இருக்குமா?"

"ரொம்ப ரொம்பக் கொஞ்சம். இருக்கலாம்."

அக்கா மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டார். "மகம் முடியட்டும் மிஸி. நானே கிளினிக்குக்கு வந்து போட்டுக்கிறேன்" என்று எழுந்துவிட்டார். கழிப்பறையில் ஒளிந்திருந்த பையன்களை அந்த வருடம் யாரும் இழுத்து வரவில்லை.

அன்று மாலை சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் மெல்லக் கேட்டுப்பார்த்தேன். மருந்துக்கு விலக்கு உண்டு, பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்றேன்.

"அவரு போட்டுக்கன்னுதான் சொல்வாரு. அவரு சொல்லிட்டாருன்னு நான் போட்டுக்கிட்டு, நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆனா? யாரு மனசு கேக்கும், பூசாரி மனசா?"



மகத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அக்கா வேலைக்கு வரவில்லை. எம்சி என்று மருத்துவ விடுப்பே எடுக்காத ஆள் என்பதால் லைனில் எல்லோரும் என்னைக் கேட்டார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தார். பித்தளைக் குடத்தை முந்தின நாள்தான் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார். அதன் பளபளப்பில் சமையலறை விளக்கு தெரிந்தது. காரில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த டாக்டர் இன்ஃப்ளூவென்சா என்றார். மாத்திரை கொடுத்தார். வீட்டில் குழந்தைகள், வயதானவர்கள், நோயாளிகள் உண்டா என்று கேட்டார்.

"தம்பி இருக்கான். கிட்னி மாத்துனவன்."

"அப்போ அவர் பக்கத்துலயே போகக் கூடாது."

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசி போட்டிருந்தால் வந்திருக்காது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. போட்டுக்கொண்டவர்களிலும் இரண்டு மூன்று பேர் படுத்தார்கள். ஆனாலும் அவர்கள் சீக்கிரம் எழுந்து வந்துவிட்டார்கள். அக்காவுக்கு மகத்துக்கு முந்தின நாள் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. இருமல் இறங்கவில்லை. காந்தன் போன் செய்தது எனக்கும் கேட்டது, அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"அக்கா, நான் வரல. வீட்லயே இருந்துக்கறேன். நீ மட்டும் போய் எடுத்துட்டு வந்துரு."

"உனக்காக மட்டுமாடா? அங்க எத்தன பேரு கைப்புள்ளயத் தூக்கிட்டு நிக்கிறாங்க. உன்ன மாதிரி இன்னும் எத்தன பேரோ. சாமிக்குப் பால ஊத்திட்டு சனத்துக்குச் சளியக் குடுக்கவா?"

"அப்ப மூணாவது வருசம்?"

அக்கா போனை வைத்துவிட்டார்.

மகத்தன்று காலையில் கஞ்சி வைத்துச் சுவர்மேல் கொடுத்தேன். உருமி கேட்கத் தொடங்கியிருந்தது. அக்கா குளித்து, மஞ்சள் சேலை கட்டி, வாசல் போர்ச்சில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குப் போகாவிட்டாலும் சேலை கட்டாமல் இருக்க முடியவில்லை போலும். அப்போதுதான் காந்தனின் கார் வந்து நின்றது. அவர் மாஸ்க்கோடு இறங்கி, கேட்டுக்கு வெளியே, கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்றார். ஷாமினி காரை விட்டு இறங்கவில்லை.

"உன்ன யாருடா வரச் சொன்னது? போ! கார்ல ஏறு!" அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"தள்ளித்தான நிக்கிறேன். குடத்தக் குடு. நான் எடுக்கிறேன்."

"கிறுக்கா உனக்கு? அந்தக் குடம் பூரா என் கை பட்டிருக்கு. உனக்கு ஒட்டிக்கிச்சுன்னா?"

"எனக்கு ஒண்ணும் ஆவாது. நான்தான் ஊசி போட்டிருக்கேனே."

காந்தன் சட்டென்று மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்ட முகம் மாஸ்க்குக்கு மேலேயே தெரிந்தது.

"எப்ப போட்ட?"

"செக்கப்புக்குப் போனப்ப. தைப்பூசத்துக்கு முன்னாடி."

"அப்ப விரதம் ஆரம்பிச்சாச்சே."

"ஆமாக்கா. வருசா வருசம் போட்டே ஆவணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"முட்டைனு தெரியுமா?"

"தெரியும். சாமி உசுரக் குடுத்துட்டு, ஒரு ஊசிக்கா கோவிச்சிக்கப் போவுதுன்னு நெனச்சிக்கிட்டேன்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

காந்தன் கீழே கால்வாய்த் தண்ணீரைப் பார்த்தார். "சொன்னா விரதம் கெட்டுப்போச்சுன்னு நீ மொதல்லேருந்து ஆரம்பிப்பேன்னு பயந்துட்டேன். உன் முட்டிக்கு இன்னும் மூணு வருசம் தாங்காதுக்கா. அதான் சொல்லல."

அக்காவுக்கு இருமல் வந்தது. வெகுநேரம் இருமினார். அது அடங்கும்வரை காந்தன் ஓர் அடி எடுத்து வைப்பதும் பின்வாங்குவதுமாக இருந்தார்.

"நீ போட்டிருக்கேன்னு தெரிஞ்சிருந்தா நானும் போட்டிருப்பேன்டா" என்றார் அக்கா கடைசியில். குரலில் கோபமே இல்லை. "உன் விரதத்தக் கெடுக்காதது என் விரதத்த மட்டும் எப்படிக் கெடுக்கும்?"

"என் தப்புதான்."

"நான் உன்னக் கேட்டிருக்கணும். பிஸ்கட் பாக்கெட்டையெல்லாம் படிச்சேன். உன்ன ஒரு வார்த்த கேக்கல." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "போய்ட்டு வா. ஷாமினி வெயில்ல உக்காந்திருக்கு. அடுத்த வருசம் ஒண்ணாவது வருசம்" என்றார்.

"அக்கா, அப்படியெல்லாம் கணக்கு வேணாம்—"

"போடா."

கார் திரும்பிப் போனது. காந்தனுக்குக் காய்ச்சல் வரவில்லை. அதற்காகவாவது ஆண்டவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அக்கா பிறகு சொன்னார். ஆனால் சொல்லும்போது அவர் கண்கள் என் முகத்தில் இல்லை. அந்தப் பளபளத்த குடம் பல நாள் கவிழ்த்த இடத்திலேயே கிடந்து மெல்லக் கறுத்தது. தேய்த்து உள்ளே வைக்கவும் இல்லை, கழுவவும் இல்லை.

மாதம் ஒன்று கழிந்திருக்கும். ஒரு சனிக்கிழமை அக்கா வந்து கிளினிக்குக்குக் கொண்டுபோய் விடச் சொன்னார். மகம் முடிந்து வருவதாக மிஸியிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமாம். அதே மிஸிதான் இருந்தார்.  ஊசியை எடுத்துக்கொண்டு வந்து, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"எந்தக் கையில போடட்டும்க்கா?"

அந்த வருடம் குடம் பிடிக்காத இரண்டு கையையும் அக்கா மடியில் விரித்துப் பார்த்தார்.

"எதுலயாவது போடுங்க மிஸி. ரெண்டும் சும்மாதான இருக்கு."