எஸ்.எஸ்.டி. மாட்டிய காலம்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் கம்ப்யூட்டரால் வருகிற தொந்தரவு கொஞ்சம். மிச்சமெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களால். இதே தொழிலில் கிடந்து அனுபவிப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள்.

தக்கலையில், பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திரும்புகிற சாலையில் என் கடை. அரண்மனைக்கு வழி கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதில்லை. எதிரே பலகை இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டி, அதில் புது ஓ.எஸ். போட்டுக் கொடுப்பது பரவ ஆரம்பித்த சமயம். உள்ளே சுற்றுகிற தட்டு கிடையாது, சத்தம் கிடையாது, கனம் கிடையாது. மெஷின் பறக்கும். ஜனங்கள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன்.

கனம்

தேங்காய்ப்பட்டணத்தில் இருந்து சூசை வந்தார். ஆழ்கடலில் தூண்டில் போடுகிற போட்டில் தொழில். கூட மகள் ஜெனிஃபர், நர்ஸ். கையில் அவளுடைய லேப்டாப். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று அதன் வழியாகவே இன்டர்வியூ வைத்திருக்கிறது. முதல் தடவை பேசிக்கொண்டிருக்கும்போதே மெஷின் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி இவள் முகம் அந்தப் பக்கம் அப்படியே நின்றிருக்கிறது. பாவம் பார்த்து இன்னொரு நாள் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கும் நின்றால் அத்தோடு சரி. மறுபடி கூப்பிடமாட்டார்கள்.

"ஹார்ட் டிஸ்க் தேறாது. எஸ்.எஸ்.டி. மாட்டணும்" என்று ஒன்றை எடுத்து சூசை கையில் வைத்தேன். உள்ளங்கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். மீன் விஷயத்தில் தராசு வேண்டாத கை அது. மகளிடம் கொடுத்தார், திரும்ப வாங்கினார், காதுப் பக்கம் வைத்துக் குலுக்கினார். பிறகு லேப்டாப்பை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"சாரே, பழசு நல்ல மீன் கனம் இருந்து. இது நெத்தோலிக் கருவாடு. இதுக்குப் போய் அதவிட விலை சொல்லுதியளே!"

இரைச்சல்

அதே வாரம் வேலப்பனுக்கு மாட்டினேன். நாலு கடை தள்ளிப் பத்திரம் எழுதுகிறவர். பழைய மெஷின் எழுந்து உட்காருவதற்குள் அவர் வெற்றிலை போட்டு, துப்பி, இன்னொரு தடவையும் போட்டுவிடுவார். இப்போது பட்டனைத் தொட்டால் திரை வந்து நிற்கிறது. பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். நான் அப்படிச் செய்வது அபூர்வம்.

உட்காரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, முந்தி அது கிடந்து இரையும்போ பார்ட்டிக்கு ஒரு மரியாதை இருந்து. 'பாவம், வேலப்பன் நம்ம பத்திரத்துக்குக் கிடந்து பாடுபடுகான்'னு நிப்பான். இப்போ டக்குன்னு வந்து நிக்கி, 'இவ்வளவுதானா வேலை'ங்கான். வேகம் இருந்துட்டுப் போட்டும், கொஞ்சம் இரைச்சல் வச்சுத் தாரும்."

பழசு எங்கே?

எங்கள் ஊரில் எதைக் கழற்றி மாற்றினாலும் பழசைக் கையில் கொடுத்துவிட வேண்டும். மிக்சியானாலும் சரி, பைக்கானாலும் சரி. கொடுக்காவிட்டால் மாற்றவே இல்லை என்று அர்த்தம். அதனால் கேட்கும் முன்பே கவரில் போட்டு நீட்டிவிடுவேன். வாங்கிக்கொண்டு போய் என்ன செய்கிறார்கள் என்று விசாரிப்பதில்லை. விசாரிக்காமலே வந்து சொல்வார்கள்.

குலசேகரத்தில் ஒரு ரப்பர் வியாபாரி. அவருடைய டிஸ்க் செத்தே போயிருந்தது. "இது செத்தாச்சு" என்று சொல்லித்தான் கொடுத்தேன். மழைக்காலம் கழிந்து ஒருநாள் அதே கவரோடு வந்தார். டிஸ்க்கைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். மேஜையில் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"மரத்துக்கு ரெஸ்ட் குடுத்தா திரும்பப் பால் வருதுல்லா? இதுக்கும் நல்ல ரெஸ்ட் குடுத்திருக்கேன். மாட்டிப் பாரும், ஓடும்."

காந்தம்

ஒரு மத்தியானம் சாப்பிடலாம் என்று பாதி ஷட்டரை இறக்கும்போது, அதற்கு அடியில் குனிந்து சூசை உள்ளே வந்தார். பின்னால் ஜெனிஃபர். இஸ்திரி போட்ட சேலை, முகத்தில் பவுடர், அதற்கு மேல் வியர்வை. இன்டர்வியூ அன்றைக்குத்தான், மூன்று மணிக்கு. லேப்டாப் எழவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி.

திறந்தேன். உள்ளே எஸ்.எஸ்.டி. நான் மாட்டாதது. "யாரு கைவச்சது?" என்றேன். சூசையின் தங்கை மகன், பெயர் ஆன்றோ, துபாயில் வேலை, லீவுக்கு வந்தவன். டி.வி.டி. டிரைவைக் கழற்றி அந்த இடத்துக்குப் பழைய டிஸ்க்கைத் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் புதுசை மாட்டி, ஓ.எஸ். போட்டிருக்கிறான். போட்டோவெல்லாம் புதுசுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறான். நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. "இனி பழசு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான். அவன் சொன்னபடி முந்தைய நாள் சூசை பழசைக் கழற்றியிருக்கிறார்.

தொழில்காரர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். பழைய டிஸ்க் உள்ளே இருக்கும்போது புதுசில் ஓ.எஸ். போட்டால், மெஷினை எழுப்பிவிடுகிற பூட் ஃபைல் மட்டும் சில சமயம் பழசில் போய் உட்கார்ந்துகொள்ளும். வீடு புதுசில், வாசல் பழசில். அதனால்தான் பழசைக் கழற்றி வைத்துவிட்டுப் போட வேண்டும் என்பது. பழசு கிடைத்தால் மாட்டி இப்போதைக்கு ஓட்டிவிடலாம். "அந்தப் பழச எடும்" என்றேன்.

சூசை சட்டைப் பையில் கைவிட்டார். வெளியே வந்தது வளைந்த ஒரு காந்தத் துண்டு. அதில் மூன்று தூண்டில் முள் தொங்கிக்கொண்டிருந்தது. டிஸ்க்கைக் கத்தியால் நெம்பி உடைத்து, உள்ளே இருந்த காந்தத்தை எடுத்திருக்கிறார்.

"என்னா பிடி பிடிக்கு சாரே! போட்டுல சிதறின முள்ளு ஒண்ணு விடாம வாரி எடுக்கு. உள்ள வட்டமா மின்னிட்டு ரெண்டு தகடு கிடந்து. அத வீட்டுக்காரிக்கு முகம் பாக்கக் குடுத்தேன்."

வாசல் வைத்தது

"என் மெஷினில் பேசு" என்றேன். முடியாதாம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர்கள் இன்டர்வியூவுக்கான எதையோ இந்த லேப்டாப்பில் ஏற்றிப் பதிந்து கொடுத்திருக்கிறார்கள். வேறு மெஷினில் திறக்காது. சரி, வாசலைப் புதுசிலேயே வைத்துவிட வேண்டியதுதான். பென்டிரைவைக் குத்தி அதிலிருந்து எழுப்பி, பூட் ஃபைலை எஸ்.எஸ்.டி.யில் எழுதினேன். எழவில்லை. வேறு மாதிரி எழுதினேன். எழவில்லை. ஒரு பக்கம் ஜெனிஃபர் கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷில் முணுமுணுக்கிறாள். இன்னொரு பக்கம் சூசை என் தோளுக்கு மேலே மூச்சு விட்டுக்கொண்டு "ஆச்சா சாரே?" என்கிறார். கத்தினேன். அவரைத் திட்டினேன், ஆன்றோவைத் திட்டினேன், துபாயையும் ஒரு வார்த்தை சொன்னேன். அந்தப் பெண் ஒரு தம்ளர் தண்ணீரை மட்டும் என் கைப்பக்கம் வைத்தாள்.

மூன்றாம் தடவை எழுந்தது. ஊருக்கு பஸ் பிடித்துப் போக நேரம் இல்லை. என் மேஜையிலேயே உட்கார வைத்தேன். நான் எதிர்ப்பக்கம், அலமாரிக்கும் மேஜைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். எழுந்தால் கேமராவுக்குக் குறுக்கே போக வேண்டும். சூசை வெளியே போய் ஷட்டரைக் காவல் காத்தார். சரியாக அப்போது பார்த்து வேலப்பன் வந்தார். இரைச்சல் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்க.

சூசை குறுக்கே கையை நீட்டுவது ஷட்டர் இடுக்கில் தெரிந்தது. "உள்ள போவப்பிடாது வே. ஆப்பரேஷன் நடக்கு. நர்சுக்கு மட்டும்தான் அனுமதி."

எதிரே இருந்த ஆள்

திரையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் என்று நினைக்கிறேன். எனக்குக் குரல் மட்டும்தான். மருந்து, அளவு, ஊசி என்று என்னவெல்லாமோ கேட்டார். ஜெனிஃபர் டக்டக்கென்று சொன்னாள். பிறகு ஒரு கேள்வி: நோயாளியோடு வந்த ஒரு கிழவர் கோபத்தில் கத்துகிறார், சொன்னால் கேட்கிற ஆள் இல்லை, நீ என்ன செய்வாய்? பார்த்தால், வாய் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறாள். மெஷின் மறுபடியும் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். மெஷின் ஓடுகிறது, நின்றது இவள். எனக்கு வந்த ஆத்திரத்தில், பேசு என்று கண்ணை உருட்டினேன். என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னது தமிழில் இது:

"மேடம், அப்படி ஒருத்தர் இப்பவே என் எதிர்ல இருக்கார். மத்தியானத்துல இருந்து கத்துறார். நான் பதிலுக்கு ஒண்ணும் பேசல, தண்ணி எடுத்து வச்சேன். என் வேலை நடந்துடுச்சு."

அந்தப் பக்கம் சிரிப்பு. ஆளைக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். நான் எப்போதும் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன். மேற்கொண்டு சாட்சி கேட்கவில்லை.

ஜெனிஃபருக்கு வேலை கிடைத்துவிட்டது. சொல்வதற்கு சூசையே வந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன். முகத்தைத் துடைத்துவிட்டு, வந்த காரியத்துக்கு வந்தார்:

"சாரே, அடுத்தது இளையவளுக்கு இன்டர்வியூ. அவளும் நர்சுதான். நீங்க ஒண்ணும் பேசண்டாம். இதே மூஞ்சியோட எதிர்ல வந்து இருந்தா மதி, அது போதும்."

இத்தனை வருஷத் தொழிலில் நான் சம்பாதித்தது இந்த மூஞ்சி ஒன்றுதான். அதற்கும் ஒரு வழியாக ஆர்டர் வந்துவிட்டது.