பெண்ணழைப்புக் கார்

என் காரின் டாஷ்போர்டில் ஒரு ஓட்டை இருந்தது. எஞ்சின் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று காட்டும் மீட்டர் இருந்த இடம். எனக்கு முன்னால் யாரோ அதைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அந்த ஓட்டையின் மேல் நான் ஒரு பிள்ளையார் படத்தை ஒட்டினேன். பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். புதுப்பேட்டையில் பழைய கார் சாமான் விற்கும் ஒரே கடையில் அந்த மீட்டரும் இருந்தது, பளபளவென்று நாலு வீல் கப்பும் இருந்தது. கையில் இருந்த காசுக்கு இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும். வீல் கப்பை ஊரே பார்க்கும், மீட்டரை நான் மட்டும்தானே பார்க்கப்போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதில் கேவலம் என்னவென்றால், தொழிற்சாலையில் என் வேலையே எஞ்சின் சூட்டைப் பார்ப்பதுதான். எட்டு மணி நேரமும் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அப்போது எண்பதுகளின் கடைசி. எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இருந்தார். அவர் போனபிறகு அந்த வேலை எனக்கு வந்தது, குவார்ட்டர்ஸும் தங்கியது. வீட்டில் அம்மா, தங்கை, நான். கார் வாங்கும் யோக்கியதை எங்களுக்கு இல்லை. பூந்தமல்லியில் ஒரு அரிசி ஆலைக்குப் பின்னால் அந்தப் பழைய அம்பாசடர் நின்றது. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. காயலான் கடைக்காரன் சொன்ன விலையையே நானும் கொடுத்து, குவார்ட்டர்ஸ் வாசலில் கொண்டுவந்து செங்கல் மேல் நிறுத்திவிட்டேன். ‘இது எழுந்து நிற்கும்போது சொல்லு, மாலை போடுகிறோம்’ என்று சிநேகிதர்கள் கிண்டலடித்தார்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கதவைத் தேய்ப்பேன், அடுத்த மாதம் ஒரு மட்கார்டு. அவ்வளவுதான்.

அதற்குள் தங்கைக்குப் பக்கத்திலேயே, பருத்திப்பட்டில் மாப்பிள்ளை அமைந்தது. ஏரிக்கரையில் தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்யும் குடும்பம். நல்ல மனிதர்கள். ஆனால் நிச்சயத்தன்று கைகழுவப் போன இடத்தில், மாப்பிள்ளையின் சித்தப்பா யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. “குவாட்டர்ஸ்காரங்களுக்கு இன்னாபா கீது? ரெண்டு டிரங்குப் பொட்டி. நாளைக்கு மாத்தல் வந்தா அத்த எடுத்துகினு போய்டுவாங்கோ.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அன்றும் வந்தது. இந்த வீட்டில் என் தங்கை தலைகுனிந்து நிற்கப்போகிறாளா என்று நினைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தேன். அங்கே மாப்பிள்ளையின் அப்பா, “பொண்ணழைக்க நாங்களே வண்டி எடுத்தாறோம், தம்பி” என்றார். நான் யோசிக்கவே இல்லை. “வேண்டாம் மாமா. எங்க வீட்டுப் பொண்ணு எங்க கார்லதான் வரும்” என்றேன். தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். அன்றைய நிலவரப்படி காருக்குச் சக்கரம் கிடையாது.

அதற்கப்புறம் நான் தூங்கியது குறைவு. ஷிப்ட் முடிந்ததும் காருக்கு அடியில் படுத்துவிடுவேன். எஞ்சினைப் பிரித்துப் போட்டு, புதுப்பேட்டையில் பொறுக்கிய சாமான்களை வைத்து ஓடவிட்டேன். துரு தின்ற இடங்களில் தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை போய்விட்டது. கிரீம் நிறம் அடித்தேன். சீட்டுக்கு வெள்ளை ரெக்ஸின். முன்கிரில் உடைந்திருந்ததால் நானே தகட்டில் தாமரை வடிவம் வெட்டி ஒன்று செய்து மாட்டினேன். குவார்ட்டர்ஸில் பார்க்காத ஆள் இல்லை. திருவள்ளூர் வரை ஓட்டிப் பார்த்தேன், போகவர ஒரு முனகல் இல்லை. என் மண்டைக் கனத்தைக் கேட்க வேண்டுமா?

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றுதான். எங்கள் ஊர்ப்பக்கம் பெண் காரில் ஏறினால் நேரே போய் இறங்கிவிடுவாள். இவர்கள் ஊரில் பெண்ணழைப்பு என்றால் கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் கோயிலிலிருந்து பந்தல் வரை ஊர்வலம். முன்னால் பேண்டு வாத்தியம், அதற்கு முன்னால் ஆட்டம். வீட்டுக்கு வீடு நின்று ஆரத்தி எடுப்பார்கள். கார் நடக்கவேண்டும், ஓடக்கூடாது. அதுவும் அவர்கள் வீட்டுப் பெண்கள் ஆசை ஆசையாகக் கொண்டுவந்த மல்லிகையையும் சாமந்தியையும் கிரில்லே தெரியாமல் சுற்றிவிட்டார்கள். என் தாமரை வழியாக எஞ்சினுக்குப் போன கொஞ்சம் காற்றும் அதோடு அடைபட்டது. நான் பக்கத்தில் நின்று, “இன்னும் கொஞ்சம் கீழே வரைக்கும் வையுங்க” என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாலாவது வீட்டு ஆரத்தியில் எனக்கு வாடை வந்தது. தொழிற்சாலையில் தினமும் முகர்கிற, எஞ்சின் காய்கிற வாடை. கண் தானாக டாஷ்போர்டுக்குப் போனது. பிள்ளையார் பார்த்துக்கொண்டிருந்தார். பேனட்டின் இரண்டு பக்கமும் ஆவி கிளம்பியது. ஏதோ ஒன்று டப்பென்று விட்டது. எஞ்சின் மூடிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் என்று சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. வண்டி ஒருமுறை உதறி நின்றது.

பேண்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வாசிப்பை நிறுத்தினார்கள். நான் இறங்கிப் பேனட்டைத் திறந்தேன். வெந்துபோன மல்லிகை வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. சித்தப்பா எட்டிப் பார்த்தார். “இன்னா தம்பி, பொண்ணு குளிக்க வெந்நி போட்டுகினே வந்தியா?” ஊர்வலம் மொத்தமும் சிரித்தது. ஆரத்தித் தட்டை வைத்திருந்த அந்த வீட்டு அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் காது இரண்டும் கொதித்தன. மானம் கப்பலேறிவிட்டது என்று சொல்வார்கள். என்னுடையது அந்த ஏரிக்கரைத் தெருவிலேயே ஏறிவிட்டது.

தங்கை ஜன்னல் வழியாக, “நான் நடந்தே வாரேண்ணே, உள்ளே ஒரே புழுக்கம்” என்றாள். அழைப்புக்கு ஏறிய பெண் பாதியில் இறங்கக்கூடாது என்று பெண்கள் தடுத்துவிட்டார்கள். வேறு கார் கொண்டுவரலாம் என்று யாரோ சொன்னார்கள். அதில் மாறுவதற்கும் இறங்கித்தானே ஆக வேண்டும்? கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா என் தோளில் கை வைத்தார். “பரவால்ல உடு தம்பி. நம்ம ஊட்டு டிராக்டரு கீது.” அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அந்தக் கை தோளில் இருந்தபோதுதான் செத்துவிடலாம் போலிருந்தது.

டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தது சித்தப்பாதான். வைக்கோல் கட்டும் கயிற்றை என் பம்பரில் கட்டினார்கள். அந்தப் பம்பருக்கு நான் மூன்று தடவை பாலிஷ் போட்டிருந்தேன். பேண்டு மறுபடி ஆரம்பித்தது. நான் ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தேன். என் வேலை வண்டியை நேராக வைத்திருப்பது, கயிறு தொய்ந்தால் பிரேக்கை மிதிப்பது. கார் அருமையாகப் போனது. அது பிறந்ததே இப்படி இழுபடத்தான் என்பதுபோல ஒரு குலுக்கல் இல்லாமல் போனது. வாசலுக்கு வாசல் ஜனங்கள் நின்று முதலில் டிராக்டரையும், பிறகு கயிற்றையும், பிறகு என்னையும் பார்த்தார்கள். மூன்றையும் பார்த்த பிறகே பெண்ணைப் பார்த்தார்கள். வீல் கப்புகளை ஒருவரும் பார்க்கவில்லை.

நான் மோவாய் நெஞ்சில் முட்டுகிற அளவுக்குக் குனிந்துகொண்டு, பேனட்டுக்கு அப்பால் தெரிந்த துண்டுத் தெருவை மட்டும் பார்த்து ஓட்டினேன். எந்த வீட்டில் இவள் தலைநிமிர்ந்து நுழையவேண்டும் என்று நினைத்தேனோ, அந்த வீட்டு டிராக்டரிலேயே அவளைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறேன். நாளையிலிருந்து இவளை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? அதை நினைக்க நினைக்கத் தலை இன்னும் இறங்கியது.

“அண்ணே” என்றாள் பின்னாலிருந்து.

கண்ணாடியில் பார்த்தேன். காலையிலிருந்து அம்மாவும் அத்தைகளும் அவளிடம் ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்: ஊர்வலத்தில் தலையைக் குனிந்தே உட்காரு, நிமிராதே. அவள் நெற்றிச்சுட்டியும் மாலையுமாக, வெள்ளை ரெக்ஸினில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தலையத் தூக்கி ஓட்டுண்ணே. எல்லாரும் பாக்காவ.”

தூக்கினேன். எதிரே கயிறும் டிராக்டரும், திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற சித்தப்பாவும். கண் கலங்கி எல்லாம் ஒன்றாய்த் தெரிந்தது. கையை எடுத்துத் துடைத்துக்கொள்ளவில்லை. பந்தல் வாசல் வரைக்கும் வண்டியை நேராக வைத்துக்கொண்டேன்.