தண்ணீர்க் குழியில் தெரிந்த மல்லாட்டை

ரோபோவோடு லேபில் மாரடிக்கிற மக்களே, நம் பிழைப்பே கண்ணுக்குத் தெரியாத சொட்டை நம்புகிற பிழைப்புதானே!

மூன்று குழாய்க்கு ஒரே இலை

கூட்டேரிப்பட்டு அஞ்சலை அக்காவின் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை துரு நோயில் கருகிவிட்டது. தப்பி நின்ற செடிகளில் நோய் தாங்கும் ஜீன் எதில் இருக்கிறது என்று கேட்டு, செடிக்கு ஓர் இலை பறித்துத் திண்டிவனத்தில் எங்கள் லேபுக்குக் கொண்டுவந்தார். காய்களையும் செடிவாரியாகப் பொட்டலம் கட்டியிருந்தார். ஜீன் உள்ளது விதைக்கு, மற்றது அவித்து பஸ் நிற்கிற இடத்தில் விற்க.

ஒவ்வொன்றாகச் சோதித்தால் மருந்து கட்டுப்படியாகாது. அதனால் இலைச் சாற்றைச் செடிக்கு ஒரு குழியாகத் தட்டுகளில் விடுவோம்; ஒவ்வொரு குழியிலிருந்தும் ரோபோ எடுத்து, தட்டுக்கான குழாயில் ஒரு சொட்டு, குறுக்கு வரிசைக்கு ஒன்று, நெடுக்கு வரிசைக்கு ஒன்று என்று கலந்துவிடும். ஜீன் தெரிகிற மூன்று குழாய்களும் சந்திக்கிற குழிதான் நம் செடி. கொசு குடிக்கிற அளவு சொட்டு, ஒன்றுகூடச் சிந்தாது. அப்பப்பா, தினமும் பார்க்கிறேன், இன்னும் வாய் பிளக்கிறது! கண்ணாடி வழியே பார்த்த அஞ்சலை அக்கா சொன்னார்: "யம்மாடி, பால்வாடி பசங்களுக்கு சொட்டு மருந்து ஊத்துறாப்ல இல்ல ஊத்திக்கினு கீது!"

தண்ணீரில் ஏது ஜீன்?

ஒவ்வொரு தட்டிலும் கடைசிக் குழியில் வெறும் தண்ணீர் விடுவது எங்கள் வழக்கம். அதில் எதுவும் தெரியக் கூடாது. ரிசல்ட் வந்தால், மூன்று குழாய்களும் சந்தித்தது அந்தத் தண்ணீர்க் குழியில்! எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கெட்டுவிட்டது என்று கூட வேலை செய்யும் பிரபு நொந்துபோய், "ஒண்ணும் தேறல, அவிச்சுடுங்க" என்று அக்காவுக்கு போன் போட்டுவிட்டான்.

எனக்கு மனசு ஆறவில்லை. போய்ப் பார்த்தால், முதல் தட்டில் திசை காட்டுகிற வெட்டு மூலை எதிர்ப்பக்கம் இருக்கிறது. விழுப்புரம் ரயில் லேட்டாகி அரக்கப்பரக்க ஓடிவந்த பிரபு, தட்டைத் திருப்பி வைத்துவிட்டான். ரோபோ கடைசிக் குழி என்று எடுத்தது உண்மையில் முதல் குழி, அக்காவின் முதல் செடி! பிரபு தலையில் கை வைத்துக்கொண்டான்: "ஐயய்யோ, அவிக்கச் சொல்லிட்டேனே!"

ஒரு பிடி

உடனே அக்காவுக்கு போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக எடுத்தார். "அக்கா, மொதப் பொட்டலத்த அவிச்சுடாதீங்க!" என்று கத்தினேன். "தண்ணிதான் காயுது தாயி" என்றார். உயிர் வந்தது.

அந்த முதல் குழியை மட்டும் மறுபடி சோதித்தோம், ஜீன் அதிலேதான். சொன்னதும் அக்கா ஒரு கூடை அவித்த மல்லாட்டையோடு வந்து நின்றார். ரோபோவின் முன்னால் ஒரு பிடி வைத்துவிட்டுச் சொன்னார்: "இது அவருக்கு. அவரு துன்னலன்னா நீங்க துன்னுங்க. மொதப் பொட்டலத்துல மட்டும் யாரும் கை வைக்காதீங்க, வர்ற பட்டத்துக்கு என் கொல்லையே அதான்."

தப்பு செய்தது மனுஷன், காட்டிக்கொடுத்தது தண்ணீர், உழைத்தது ரோபோ, ஆனால் அவர் பங்கையும் சேர்த்து மல்லாட்டை தின்றது நாங்கள்.