கிழக்கே முதுகு காட்டி உட்கார்ந்தவள்

என் ஓரகத்தி பியோ புன்னே கோபக்காரி என்று எங்கள் துறைமுகத்தில் இன்றும் சொல்கிறார்கள். கிறிஸ்தவ சபைக்காரர்கள் அதையே கொஞ்சம் மெருகேற்றி, "விசுவாசம் இருந்தது, இரக்கம்தான் இல்லை" என்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அவர் எதற்காகக் கோபப்பட்டார் என்பதை மட்டும் ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

அவர் என் கணவருடைய அண்ணனின் மனைவி. அண்ணன் கடலில் மாண்டபின், கரையில் நெத்திலி அவிக்கும் கொட்டகையை அவரே எடுத்து நடத்தினார். உப்புத் தண்ணீர் கொதிக்கும் அண்டாவுக்கு முன்னால் அவர் நிற்பார். அவித்ததை வாரிப் பாயில் பரப்புவது என் வேலை. படிப்பு என்று பார்த்தால் சபையில் சொல்லிக்கொடுத்த எழுத்து மட்டும்தான். நெத்திலியில் கலந்த வேறு மீனைப் பொறுக்குவது போல விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வேதம் வாசிப்பார். வாசித்ததை அப்படியே நம்புவார். அதுதான் பின்னால் எல்லோருக்கும் தொந்தரவாகப் போயிற்று.

கொரியா அப்போது ஜப்பான்காரன் கையில் இருந்தது. துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள குன்றில் ஜப்பான்காரர்கள் தங்கள் சாமிக்குக் கோயில் கட்டி, பள்ளிக்கூடம், மீனவர் சங்கம், சபை என்று எல்லோரும் மாதம் தவறாமல் மேலே வந்து குனிந்து கும்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பெரிய போதகர்கள் கூடி, அது மதமில்லை, தேசத்துக்குச் செய்யும் மரியாதைதான் என்று முடிவெடுத்துவிட்டார்கள். எங்கள் மேங் போதகர் அதை ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் விளக்கினார். அவருக்கு நல்ல குரல்.

"இடுப்புதான் வளையும், மனசு வளையாது. ஆண்டவர் மனசைத்தான் பார்க்கிறார்," என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து என் ஓரகத்தி எழுந்தார். அந்தச் சபையில் ஆராதனை நடுவே ஒரு பெண் எழுந்து பேசி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"போதகரே, இடுப்பு வேற மனசு வேறன்னு எந்தப் பக்கத்துல போட்டிருக்குன்னு சொல்லுங்க. நான் மெதுவாத்தான் வாசிப்பேன். இன்னும் அந்த இடத்துக்கு வரல போல."

யாரோ சிரித்தார்கள். போதகர் சிரிக்கவில்லை. "உட்காருங்கம்மா, ஆராதனை நடக்குது," என்றார்.

அந்த மாதம் நாங்கள் எல்லோரும் குன்றேறினோம், குனிந்தோம். அவர் வரவில்லை. கொட்டகையில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார்.

போர் பெரிதானபோது குன்று போதவில்லை, சபைக்குள்ளேயே வந்துவிட்டார்கள். ஆராதனை தொடங்குமுன் எல்லோரும் எழுந்து, சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கும் கிழக்குப் பக்கம் திரும்பிக் குனிய வேண்டும். கடைசி வரிசையில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். முதல் வாரமே என் ஓரகத்தி வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய், வாசற்படியில் கிழக்கே முதுகு காட்டி உட்கார்ந்தார். மற்றவர்கள் குனிந்து முடித்ததும் உள்ளே வந்து எல்லோரோடும் பாடினார். வாராவாரம் இதே கதை.

போலீஸ்காரர் போதகரிடம், "உங்க ஆளை நீங்களே சரி பண்ணுங்க. நாங்க பண்ணினா நல்லா இருக்காது," என்றாராம். போதகர் எங்கள் கொட்டகைக்கு வந்தார். பார்லிச் சோறும் நெத்திலிக் குழம்பும் வைத்தோம். சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் பேசினார்.

"நீங்க ஒருத்தர் அடம் பிடிக்கிறதால சபையை மூடிடுவாங்கம்மா. நான் அந்தக் கதவைத் திறந்து வைக்கத்தானே இவ்வளவு பாடுபடறேன்?"

"கதவு திறந்துதான் இருக்கு போதகரே. உள்ள யாரு இருக்கா?"

"என்ன பேச்சு இது?"

"வேற தேவன் வேண்டாம்ங்கிற முதல் கற்பனையை வெளிய தள்ளிட்டீங்க. மிச்சம் ஒன்பதும் உள்ள என்ன பண்ணுது, குளிர் காயுதா?"

போதகர் செருப்பைச் சரியாகக்கூடப் போடாமல் போனார்.

அடுத்த ஞாயிறு போதகர் செய்ததை நான் இன்றும் மறக்கவில்லை. ஆராதனை முடிவில், சபையின் சமாதானத்தைக் கெடுத்த குற்றத்துக்காகப் பியோ புன்னேயைச் சபையிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். முதலில் தூக்கியது தாக் ஒக்கும் என்ற எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. பிறகு மூப்பர்கள், பிறகு மற்றவர்கள். அந்த வாரமே போலீஸ் வந்து என் ஓரகத்தியைப் பிடித்துக்கொண்டு போனது. சபைப் பெண்ணைப் பிடித்தார்கள் என்ற பேச்சே எழவில்லை. அவர்தான் சபையிலேயே இல்லையே. ஆட்டை வேலிக்கு வெளியே தள்ளிவிட்டு, ஓநாய் வந்ததா என்று கேட்கும் மேய்ப்பனை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் பார்த்தோம். சம்பளமும் கொடுத்தோம்.

அவர் சிறையில் இருந்த வருடங்களில் ஒரு தரமாவது அவர் பெயரைச் சொல்லி அந்தப் பீடத்தில் ஜெபம் நடந்ததில்லை. பீரங்கி வார்க்க உலோகம் வேண்டும் என்று கேட்டபோது மேங் போதகர் சபை மணியை இறக்கிக் கொடுத்தார். அதை வண்டியில் ஏற்றுமுன் அதன்மேல் கை வைத்து ஜெபித்தார். மணிக்குக் கிடைத்த ஜெபம் என் ஓரகத்திக்குக் கிடைக்கவில்லை.

ஜப்பான் தோற்றது. அந்தக் கோடையில் அவரை விட்டார்கள். மாட்டு வண்டியிலிருந்து இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முன்பற்கள் போயிருந்தன. ஒரு காது கேட்கவில்லை. மணிக்கட்டு இரண்டும் கோணிப்போய், கரண்டி பிடிக்கவே இடது கை வலது கைக்கு முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. "யாரும்மா இது, இவ்வளவு இளைச்சிட்ட?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தாலும் சிரித்துவிட்டேன்.

மேங் போதகர் ஸ்தோத்திர ஆராதனை ஏற்பாடு செய்தார். முன்வரிசையில் தனக்குப் பக்கத்தில் என் ஓரகத்தி உட்கார ஒரு மெத்தை போட்டு வைத்தார். ஊரே வந்திருந்தது. அன்றைய பிரசங்கம் இரக்கத்தைப் பற்றி. "சிறையைச் சுமந்தவர்களும் சிலுவை சுமந்தார்கள். வெளியே நின்று சபையைச் சுமந்தவர்களும் சிலுவை சுமந்தார்கள். யார் பாரம் அதிகம் என்று நிறுத்துப் பார்க்க நாம் யார்? இனி மன்னிப்போம், மறப்போம்." பாதி சபை அழுதது. பிறகு என் ஓரகத்தியிடம் திரும்பி, "அம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும்," என்றார்.

அவர் எழுந்து நிற்கவே நேரம் பிடித்தது.

"உங்களை நான் மன்னிச்சாச்சு போதகரே. அங்க இருக்கும்போதே மன்னிச்சாச்சு. அது என்கிட்ட இருந்தது, கொடுத்துட்டேன். இப்ப கீழ இறங்குங்க."

போதகருக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"பீடத்தை விட்டு இறங்குங்க. செஞ்சது பாவம்னு எங்க முன்னாடி சொல்லிட்டு, கொஞ்ச நாள் எங்களோட கீழ உட்காருங்க."

"நான் மட்டுமா குனிஞ்சேன்? எல்லாரும்தானே குனிஞ்சாங்க?"

"எல்லாரும் குனிஞ்சாங்க. அது பாவமே இல்லன்னு அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?"

"அதையெல்லாம் ஆண்டவர்கிட்ட நேரா பேசித் தீர்த்துட்டேன்மா."

"என்னைச் சபையை விட்டுத் தள்ளினப்ப ஆண்டவர்கிட்ட நேராவா பேசினீங்க? இங்க நின்னுதானே சொன்னீங்க? இதையும் இங்க நின்னு சொல்லுங்க."

மூப்பர்கள் கத்தத் தொடங்கினார்கள். நல்ல நாளில் சண்டை இழுக்கிறாள் என்றார்கள். சிறைக்குப் போய்வந்த திமிர் என்று ஒருவர் சொன்னார். இரக்கமில்லாத கிழவி என்று இன்னொருவர். அவர் கேட்கும் காதை அந்தப் பக்கம் திருப்பி எல்லாவற்றையும் கேட்டார்.

"ஆண்டவர் இரக்கம் கடல் மாதிரி கிடக்கு. ஆனா அழுக்கே இல்லங்கிறவருக்கு எதுக்குத் தண்ணி?" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். நானும் என் கணவரும் கூடவே போனோம்.

அதன்பின் சபைக் கூட்டம் நடந்தது. மேங் போதகர் தொடரலாம் என்று முடிவு. பியோ புன்னேயின் நீக்கத்தை ரத்து செய்யலாம், ஆனால் ஒழுங்கைக் கெடுத்ததற்காக அவர் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் முடிவு. இதைச் சொல்ல வந்த மூப்பருக்கு என் ஓரகத்தி குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை.

ஞாயிறுகளில் கொட்டகையிலேயே ஆராதனை நடத்தினோம். மூன்று நான்கு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். கூரையெல்லாம் கருவாட்டு வாடை. குளிர் தொடங்கிய ஒரு காலையில் தாக் ஒக்கும் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அக்கா, உங்களைத் தள்ள முதல்ல கை தூக்கினது நான்தான்."

"தெரியும்."

"குன்றுலயும் கும்பிட்டேன். அது மதமில்லன்னு போதகர் சொன்னதை நான் நம்பல அக்கா. சாமி கும்பிடறதுன்னு தெரிஞ்சேதான் கும்பிட்டேன். ரேஷன் அரிசியை நிறுத்திடுவாங்கன்னு பயம். வேற காரணம் எதுவும் இல்ல."

சிறையிலிருந்து வந்தபோதும் அழாத என் ஓரகத்தி அன்று அழுதார். எழுந்து போய், கோணிய கைகளால் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். "காத்துல நிக்காதடி, உள்ள வா. எனக்குக் கேட்கிற காது இந்தப் பக்கம். இங்க உட்கார்ந்து பாடு." சாகும்வரை அந்த இடம் தாக் ஒக்குமுக்குத்தான். கை தூக்கிய கதையை என் ஓரகத்தி பிறகு ஒருநாளும் எடுத்ததில்லை. இரக்கம் இல்லை என்கிறார்களே, அவர்கள் அன்று வந்து பார்த்திருக்க வேண்டும்.

மேங் போதகர் சில வருடங்களில் பூசான் நகரத்தில் ஒரு பெரிய சபைக்குப் போய்விட்டார். என் ஓரகத்தி நுரையீரல் கெட்டுப் படுக்கையில் கிடந்தபோது, பார்க்க வர விரும்புவதாக ஆள் அனுப்பினார். நான் கொதித்துப்போனேன். "வாசல்லயே திருப்பி அனுப்பிடறேன்க்கா," என்றேன்.

"அப்படிச் செய்யாத. வந்தா உட்கார வை. சோறு போடு. சொல்ல வேண்டியதைச் சொன்னா நான் கேட்கிறேன்." மூச்சு வாங்கியது. "பிரசங்கம் மட்டும் பண்ண விடாத."

அவர் வரவில்லை.

போன வசந்தத்தில் சபையிலிருந்து இரண்டு இளம் மூப்பர்கள் வந்தார்கள். சபையின் ஆண்டு விழாவாம். சுவரில் மாட்ட என் ஓரகத்தியின் படம் வேண்டுமாம். "எங்க சபையோட பெருமை அவங்க," என்றார் ஒருவர்.

"உங்க சபையா? நீக்கினதை ரத்து பண்ணிட்டீங்களா?"

அவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

"அவங்களை நீக்கினது யாரு, ஏன் நீக்கினாங்கன்னு படத்துக்குக் கீழ எழுதுவீங்களா?"

"அதெல்லாம் பழைய விஷயம்மா. மேங் போதகர் படமும் பக்கத்துல மாட்டப்போறோம். ரெண்டு பேரும் இப்ப பரலோகத்துல சமாதானமா இருப்பாங்க."

"பரலோகத்துல யாரை யார் பக்கத்துல உட்கார வைக்கணும்னு அங்க இருக்கிறவருக்குத் தெரியும்," என்றேன். "இங்க உங்க சுவத்துல வேண்டாம்."

படத்தை நான் கொடுக்கவில்லை.